போன் மணிக்குப் பயந்த எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா இறந்துபோன செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. அலுவலகத்தில் இருந்தேன். மேசையில் கிடந்த போன் அதிர்ந்ததும் எனக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. அது அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்கள் குழுவில், 'நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எஸ்தர் அக்கா இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று யாரோ போட்டிருந்தார்கள். கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நடுவில் ஒருவர், 'எதற்கும் அஞ்சாத இரும்பு மனுஷி' என்று எழுதியிருந்தார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கோபம் வந்தது.

குழுவில் அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காவுக்குப் பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் போகும்போது கீழே ரயில் வந்தால் அது போகும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கல்லூரி மரங்களுக்கு நடுவே மான் குறுக்கே ஓடினால் 'இயேசப்பா' என்று கத்துவார். அந்தச் சத்தத்தில் மான் அவரைவிட அதிகம் பயந்து ஓடும். எல்லாவற்றையும்விட போன் மணிக்குப் பயம். அவர் பார்த்ததோ டெலிபோன் ஆபரேட்டர் வேலை. அவருடைய அப்பா கல்லூரி ஆபீசில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் மகளுக்குக் கொடுத்தது அது. ஓய்வு பெறும்வரை, மணி அடித்ததும் திடுக்கிட்டு, 'பயமா இருக்கு, எடுத்துடறேன்' என்று தனக்குள் சொல்லிவிட்டுத்தான் ரிசீவரைத் தொடுவார். இவரையா இரும்பு மனுஷி என்கிறீர்கள்?

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது பி.ஏ. இரண்டாம் வருடம் முடித்த கோடையில். எங்கள் வீடு பெரும்பாக்கத்தில். நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் வீடுகளாகிப் போன பிறகு அப்பா சிமெண்ட், கம்பி விற்கும் கடை வைத்தார். பொழிச்சலூரில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, தன் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார். அந்த மகனுக்குத் தண்ணீர் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வைகாசியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். "படிச்சது போதும். வேணும்னா மூணாவது வருசத்த வூட்ல இருந்தே எழுதிக்கட்டும்" என்றார் அத்தை. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்றால், அப்பா மேல் அவ்வளவு பயம். அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் குரல்தான் காரணம். கடையில் லோடு ஏற்றுகிறவர்களைத் திட்டினால் தெருமுனையில் கேட்கும். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் வந்தாலே நான் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவேன். சாப்பாடு போடுகிற அம்மாவின் கை வேகமாகும். வீட்டில் இதற்கு மரியாதை என்று பெயர்.

அந்த மனிதரிடம் ஒரு சட்டம் இருந்தது. கை வைத்த வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவனை அவருக்கு அறவே பிடிக்காது. அதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு திட்டம் போட்டேன். கல்லூரியிலேயே கோடைக்கு ஒரு வேலையில் சேர்ந்துவிட்டால், நடுவில் என்னைக் கூப்பிட அப்பாவுக்கே மனம் வராது. அப்படியே கல்லூரி திறந்து மூன்றாம் வருடத்துக்குள் நுழைந்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் சிறுபிள்ளைத்தனம். அன்று வேறு வழி தெரியவில்லை.

விடுமுறையில் சில துறைகளில் மாணவர்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் தருவார்கள். நூலகத்தில் கேட்டேன். புத்தகங்களைச் சரிபார்க்க ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். தாவரவியல் துறையில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற, அந்தத் துறைப் பிள்ளைகள்தான் வேண்டுமாம். கேன்டீனில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வூட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டார்கள், வந்த வழியே திரும்பிவிட்டேன். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் தட்டுவதா வேண்டாமா என்று நின்ற நேரம்தான் அதிகம். கடைசியில் ஆபீஸ் வாட்ச்மேன் அண்ணன், "எக்ஸ்சேஞ்ச்ல இன்னொரு ஆபரேட்டர் பிரசவத்துக்குப் போய்க்கீது. எஸ்தரம்மா தனியா தவிச்சிகினு கீது. போய்ப் பாரு" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன அறையின் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு அலறல் கேட்டது. நானும் பதிலுக்கு அலறினேன். கதவைத் திறந்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அழுத்திக் கட்டிய காட்டன் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. வந்த விஷயத்தைச் சொன்னேன். என் மதிப்பெண்ணையோ ஆங்கிலத்தையோ அவர் கேட்கவில்லை.

"போன்ல பேசறதுன்னா உனக்கு பயமா?"

"ஆமாக்கா. ரொம்ப."

"அப்ப சரி, நாளைக்கே வந்துடு. பயப்படாத பொண்ணா வந்தா என்னைப் பார்த்து சிரிக்கும்."

இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. மே மாதக் கடைசிவரைதான் என்று அக்கா தெளிவாகச் சொன்னார். வீட்டில் நான், கல்லூரி திறக்கும்வரை என்று சொல்லிவைத்தேன்.

அட்மிஷன் மாதம். அழைப்புகளை மாற்றிவிடும் போர்டில் விளக்குகள் மின்னிக்கொண்டே இருக்கும். கையில் செல்போன் வைத்திருந்தவர்களும் விசாரிக்கக் கல்லூரி நம்பருக்குத்தான் அடித்தார்கள். சிபாரிசு என்பார்கள், எம்.எல்.ஏ.வுக்குத் தெரிந்தவர் என்பார்கள், சிலர் எடுத்தவுடனே திட்டுவார்கள். திட்டு வாங்கினால் அக்கா ரிசீவரை மூடிக்கொண்டு என்னிடம், "இவர் கத்தறார் கலை, நீ கொஞ்சம் பிடி" என்பார். நானும் நடுங்கிக்கொண்டே பிடிப்பேன். என் முறை வரும்போது அவர் பிடிப்பார். ஒரே பயத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தூக்கியதால் அந்த மாதம் ஓடியது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். ஒரு பாடத்தில் போய்விட்டது, இடம் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்காது என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டிய அழைப்பு. அக்கா முடிக்கவில்லை. "வீட்ல யாரும்மா இருக்காங்க?" என்றார். யாரும் இல்லை போலிருக்கிறது. "பயமா இருக்கா? எனக்கும் பயமாத்தான் இருக்கு. வைக்காத. அம்மா வர்றவரைக்கும் லைன்லயே இரு" என்றார். அதன்பின் என்ன பேசினார் தெரியுமா? முந்தினநாள் தன் சமையலறையில் புகுந்த பூரானைப் பற்றி. மற்ற விளக்குகள் எல்லாம் மின்னிக்கொண்டிருந்தன. லைன் கிடைக்காத எரிச்சலில் பிரின்சிபாலே இறங்கி வந்து கதவில் நின்றார். அவர் செருப்பு ஓசைக்கே எழுந்து நிற்கும் அக்கா, அன்றும் எழுந்து நின்றார், முகம் வெளுத்துவிட்டது, ஆனால் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பூரான் கதை தொடர்ந்தது. அந்தப் பெண்ணின் அம்மா வந்து போனை வாங்கியபின்தான் வைத்தார். பிரின்சிபால் மாடி ஏறிப் போனார். அக்கா மேசையின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "வேலை போயிடுமா கலை?" என்று கேட்டார்.

மே மாதம் முடியப் போகிற சமயம். நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டதாக அம்மா காலையில் சொன்னாள். அப்பா கல்லூரிக்குப் போன் போட்டு எனக்கு லீவு கேட்கப் போகிறார் என்றும் சொன்னாள். எனக்குச் செல்போன் வாங்கித் தரவில்லை. கல்லூரிக்குப் போன் என்றால் எங்கள் அறைக்குத்தான் வரும். நான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னது அன்றுதான். "லீவு கிடையாது, காலேஜ் திறக்கிறவரைக்கும் வேலை இருக்குன்னு மட்டும் சொல்லுங்கக்கா, போதும்" என்று கெஞ்சினேன். சரி என்றார். இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தோம். நான் அப்பாவாகப் பேசினேன். அந்தப் பொய்யான அப்பாவிடமே அவருக்கு நாக்கு குழறியது.

மணி அடித்தது. "பயமா இருக்கு, எடுத்துடறேன்" என்று எடுத்தார். அப்பாவின் குரல் ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், என் பொண்ணு கலைவாணி அங்க வேல செய்யுதுங்க. அதுக்கு நிச்சயம் வெச்சிகீறோம். நாலு நாள் லீவு குடுங்க."

"சார், லீவு... காலேஜ் திறக்கிறவரைக்கும் சார்..." அக்கா என்னைப் பார்த்தார். "இல்ல சார். இந்த மாசத்தோட முடியுது. பொய் சொல்லச் சொன்னா, எனக்கு வரலை சார். அவளுக்கு இந்தக் கல்யாணம் வேணாமாம். உங்ககிட்ட சொல்ல பயமாம். உங்களைப் பார்த்தாலே பயமாம் சார்."

அந்தப் பக்கமிருந்து, "நான் அங்க வர்றேன்" என்று மட்டும் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

என் காதில் விர்ரென்று ஓசை. உலகத்தில் ஒரே ஒரு ஆளை நம்பினேன், அவர் என்னைக் கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்பா பெரும்பாக்கத்திலிருந்து வண்டியில் கிளம்பி மேடவாக்கம் தாண்டியிருப்பார், சேலையூர் வந்திருப்பார் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஓடிவிடலாமா? எங்கே ஓடுவது? அக்கா கையைப் பிசைந்துகொண்டு, "நான் ஸ்டோர் ரூம்ல போய் உட்கார்ந்துக்கட்டுமா கலை?" என்றார். எழுந்து கதவுவரை போனார். போர்டில் விளக்கு எரிந்தது. "இதை யார் எடுப்பா" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அப்பா வந்தார். கதவு நிலையில் அவர் நின்றதும் அறை இருட்டிவிட்டது. சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. அக்கா அவருக்கு நாற்காலியைக் காட்டினார். தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். கை நடுங்கியதில் பாதி அப்பாவின் வேட்டியில் கொட்டியது. அதே நேரம் மணி அடிக்க, அக்கா துள்ளி சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இன்னாத்துக்கு இப்டி நடுங்கிறீங்க? நான் இன்னா பண்ணிட்டேன் உங்கள?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை சார். சத்தமா பேசறவங்கன்னா எனக்குப் பயம். எங்கப்பாவும் இப்படித்தான் பேசுவார். நல்லவர் சார், ஒரு அடி அடிச்சதில்லை. ஆனா நான் அவருக்குப் பயந்துக்கிட்டேதான் வளர்ந்தேன். அது அவருக்குத் தெரியாமலே போய்ட்டார். இனிமே நான் யார்கிட்ட சொல்றது?"

அழுதுகொண்டே சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பினார். நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "எனக்கா பயப்படுற?" என்றார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே அவருக்குப் போதுமான பதிலாக இருந்திருக்க வேண்டும். வெகுநேரம் அந்த ஈர வேட்டியைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "வண்டில ஏறு" என்றார்.

வண்டி வீட்டுப் பக்கம் போகவில்லை. பல்லாவரம் பக்கம் திரும்பியதும், அத்தை முன்னால் நிறுத்தி என்னைக் கேட்கப் போகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. பொழிச்சலூரில் அத்தை வீட்டுத் தெருமுனையில் நிறுத்தினார். இறங்கவில்லை. தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. அது போனபிறகும் அப்படியே இருந்தார். பின்னாலிருந்து பார்த்தபோது அவர் பிடரியெல்லாம் வியர்வை. தெருவே அதிரப் பேசும் என் அப்பாவுக்கு அவருடைய அக்கா மேல் பயம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே போய் உட்காராமலே சொன்னார். "அக்கா, உங்கிட்ட சொல்றதுக்கே எனக்கு பயமாத்தான் கீது. கண்ணாலம் இப்ப வேணாம். பொண்ணு படிக்கட்டும்." அத்தை ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தார். அப்பா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கப் பல காலம் ஆனது. நான் மூன்றாம் வருடம் படித்தேன், மேலேயும் படித்தேன்.

மறுநாள் எக்ஸ்சேஞ்ச் அறைக்குள் நுழைந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "அடிச்சாரா?" இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் வேணும்னு சொல்லலை கலை. பொய் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். எனக்கு அது இல்லை" என்றார். இதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உண்மையைத்தான் சொன்னார்.

போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. கட்டிலைச் சுற்றி சபைக்காரர்கள் நின்று, பயப்படாதீங்க, கர்த்தர் இருக்கார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு கலை" என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். "எனக்கும் பயமா இருக்குக்கா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப ரெண்டு பேருமா பயப்படலாம்" என்றார். சாயங்காலம்வரை அதைத்தான் செய்தோம்.

அடக்க ஆராதனையில் போதகர், சகோதரி மரணத்தை அச்சமின்றி எதிர்கொண்டார் என்றார். போதகர் நல்ல மனிதர், அவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் அக்காவை அறிந்த நீங்களாவது அப்படிச் சொல்லாதீர்கள். அவர் பயந்தார். கடைசிவரை பயந்தார். அதை ஒளிக்காமல் சொன்னார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய விஷயம் அதுதான்.

அப்பாவும் வந்திருந்தார். வண்டியில் வராதே, நெஞ்சுக்கு ஆகாது, நான் கார் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கேட்காமல் அந்தப் பழைய வண்டியிலேயே வந்துவிட்டார். குடும்பக் கல்லறை, அக்காவை அவருடைய அப்பாவின் பெட்டிக்கு மேலேயே இறக்கினார்கள். அப்பா ஒரு பிடி மண் போட்டுவிட்டு என் காதருகே வந்து, "இவுங்க பயந்தது அவுங்கப்பாவுக்கு இன்னமும் தெரியாதுல்ல?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். "எத்தனை தடவை சொல்றது, வண்டிய தொடாதேன்னு? டாக்டர் சொன்னது காதுல விழலையா?" அப்பா விடுவாரா? "நான் இன்னா குழந்தையா? உன் காருக்கு நான் வெயிட் பண்ணிகினு கெடக்கணுமா?" என்று அவரும் கத்தினார். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். கறுப்பும் வெள்ளையுமாக நின்ற ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். முறைத்துவிட்டு வந்து காரில் ஏறினார். தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கம்வரை இரண்டு பேரும் மாறி மாறிக் கத்திக்கொண்டே போனோம்.

எஸ்தர் அக்கா, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தச் சண்டையைத்தான்.